‘பொட்டு’வைப் பிடித்த கதை: வீட்டுப் பவளத் தொட்டியில் வம்பு செய்யும் மீன்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம். இறுதியில் கேட்கப்பட்ட கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம்.)

 

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, “தொட்டிப் பராமரிப்பு பற்றிப் பேசட்டுமா?” என்று கேட்டேன். “அதெல்லாம் யூடியூப்பில் இருக்கு சார். போன வருஷம் ஒரே ஒரு மீனைப் பிடிக்கப் பதினோரு நாள் அல்லாடினீங்களே, அதைச் சொல்லுங்க” என்றார். லிஃப்டில் நான் சொன்ன கதை எல்லா பிளாக்குக்கும் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சரி, அதையே சொல்கிறேன். அதில் நான் செய்த தப்புதான் அதிகம். நம் குடியிருப்பில் இப்போது நான்கு வீடுகளில் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காவது பயன்படட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘பவளத் தொட்டி’ என்றதும் பலர் கல் பவளத்தை நினைப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் எல்லாக் கல் பவளங்களும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் விசிறியும் கடல் குதிரையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்த ஒரு துண்டு என்றாலும் வீட்டில் வைக்கக் கூடாது. கடையில் “ஒண்ணும் ஆகாது சார்” என்று சொன்னாலும் வாங்காதீர்கள். என் தொட்டியில் இருப்பவை பட்டன் பாலிப், மஷ்ரூம், லெதர் என்று சொல்லப்படும் மெத்தென்ற வகைகள். பாறைகளும் செயற்கைப் பாறைகள்தான்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர். இந்த 4 அடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் செய்த முதல் தவறு

புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியவுடன் மீன் விடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். இதைத்தான் ‘சைக்கிள் ஆவது’ என்கிறோம். “நாலு டாம்சல் போடுங்க சார், அது எதையும் தாங்கும், தொட்டி தானா சைக்கிள் ஆயிடும்” என்று கடையில் சொன்னார்கள். விலையும் குறைவு. நான்கு டோமினோ டாம்சல் வாங்கி வந்தேன்.

டோமினோ குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரிய வெல்வெட் துணி மாதிரி உடம்பு. நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வெள்ளைப் புள்ளிகள். என் மகள் அதில் பெரியதற்குப் ‘பொட்டு’ என்று பெயர் வைத்தாள்.

அம்மோனியா நிறைந்த தண்ணீரில் உயிருள்ள மீனை விட்டுச் சோதிப்பது அதற்குக் கொடுமை. அவசியமும் இல்லை. அம்மோனியம் குளோரைடு கொஞ்சம், அல்லது ஒரு சிறு இறால் துண்டு போட்டாலே பாக்டீரியாவுக்கு உணவு கிடைத்துவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் போதும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

எதையும் தாங்கும் மீன் என்றால், எதற்கும் விட்டுக்கொடுக்காத மீன் என்றும் அர்த்தம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டோமினோ டாம்சல் 14 செ.மீ. வரை வளரும். வளர வளர நெற்றிப் பொட்டு அழிந்துவிடும், குணமும் மாறிவிடும். ஓர் ஆண்டுக்குள் நான்கில் ஒன்றுதான் மிஞ்சியது. மற்ற மூன்றும் ஒவ்வொன்றாகக் கிழிந்த துடுப்போடு மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல் இறந்துபோயின. “நோய் வந்திருக்கும்” என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஜோடி ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். வெள்ளையில் தொடங்கி வால் பக்கம் நெருப்பாகச் சிவக்கும் மெல்லிய மீன். சண்டையே தெரியாது. யாராவது துரத்தினால் அது செய்வது ஒன்றுதான், குதிக்கும். மூன்றாம் நாள் காலை ஒன்று சோஃபாவுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. தொட்டியின் மேல் வலை மூடி போடாதது என் தவறு. மூடி போட்டிருந்தாலும் அந்த மீன் உள்ளேயே ஒடுங்கிச் செத்திருக்கும். அதைத் துரத்தும் மீனை உள்ளே வைத்திருந்தது அதைவிடப் பெரிய தவறு.

குற்றவாளி அதுதானா?

ஆனாலும் அவசரப்படக் கூடாது. நம் குடியிருப்பில் மொட்டைமாடிக் குழாயைத் திறந்து வைத்தது யார் என்று தெரியாமலே யாரையாவது சொல்லிவிடுகிறோம் இல்லையா, தொட்டியிலும் அது நடக்கும்.

புது மீன் வந்தால் பழைய மீன் இரண்டு மூன்று நாள் துரத்துவது சகஜம். எல்லை சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. துடுப்பு கிழிவது, சாப்பாட்டு நேரத்தில்கூட வெளியே வராதது, தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையிலேயே ஒட்டி நிற்பது, செவுள் வேகமாக அடிப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அன்றே ஏதாவது செய்ய வேண்டும்.

பவளம் சுருங்கியிருந்தாலும் உடனே மீனைக் குற்றம் சொல்லாதீர்கள். உப்பளவு, வெளிச்சம், தண்ணீர் ஓட்டம் மாறினாலும் சுருங்கும். சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். நாம் கண்ணாடி அருகே நின்றால் எல்லா மீனும் சாப்பாடு கேட்டு நல்ல பிள்ளையாகிவிடும். இரவில் மட்டும் சேதம் நடந்தால் பாறைக்குள் நண்டோ மான்டிஸ் இறாலோ இருக்கலாம். ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால் மான்டிஸ் இறால் என்று சந்தேகிக்கலாம்.

நான் செல்போனைத் தொட்டி முன் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ எடுத்தேன். சந்தேகமே இல்லை. மிச்சமிருந்த ஃபயர்ஃபிஷ் தலையை நீட்டிய ஒவ்வொரு முறையும் பொட்டு 4 அடியையும் ஒரே பாய்ச்சலில் கடந்து வந்தது.

வெளியேற்றும் முன் செய்து பார்க்க வேண்டியவை

முதலில் பாறைகளை மாற்றி அடுக்குங்கள். பழைய எல்லைகள் அழிந்தால் எல்லோரும் புதிதாகக் குடிவந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அடுத்து, தொட்டிக்கு வெளியே ஒரு பக்கக் கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சில நாள் சாய்த்து வையுங்கள். வம்பு மீன் தன் பிம்பத்தோடு சண்டை போடும், புது மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மூன்றாவது, புது மீனைத் துளையுள்ள அக்ரிலிக் பெட்டியில் வைத்து தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் பழக விடுங்கள். நான்காவது, ஒரே வேளை கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை, இரண்டு இடத்தில் சாப்பாடு போடுங்கள்.

நான்கையும் செய்தேன். கண்ணாடியோடு இரண்டு நாள் சண்டை போட்ட பொட்டு மூன்றாம் நாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறு வழி இல்லை என்று முடிவெடுத்தேன்.

பதினோரு நாள்

முதல் நாள் வலையைக் கையில் எடுத்தேன். அது பாறைக்குள் போனது. பாறையை நகர்த்தினேன். அது அடுத்த பாறைக்குப் போனது. கால் மணி நேரத்தில் தொட்டி கலங்கி, லெதர் பவளம் ஒரு பக்கம் பிய்ந்தது. என் மனைவி வந்து, “மீன் ஜெயிச்சிடுச்சு, வந்து காபி குடிங்க” என்றார். பாறைகள் நிறைந்த தொட்டியில் ஒற்றை வலை வேலைக்கு ஆகாது. துரத்தத் துரத்த மற்ற மீன்களும் மிரளும்.

இங்கே குட்டிகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பாறையைத் தொடும்போது கட்டாயம் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். பட்டன் பாலிப் குடும்பத்தைச் சேர்ந்த சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் காயம் இருந்தால் தொடவே கூடாது. அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவே கூடாது, அந்த ஆவியைச் சுவாசித்தாலே மருத்துவமனைக்குப் போக நேரிடும். கை விடும் முன் ஹீட்டரையும் பம்பையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் இரவு, விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சோடு போனேன். தூங்கும் மீன் மந்தமாக இருக்கும் என்பது உண்மைதான். வெளியே தூங்கும் மீன்களை இப்படி எளிதாக அள்ளலாம். பொட்டுவோ பாறையின் ஆழத் துளையில் தூங்கியது. அந்தத் துளை ஒரே சின்னப் பாறையில் இருந்தால் பாறையோடு தூக்கி வாளியில் வைத்துவிடலாம். என் பாறை 8 கிலோ, மேலே மூன்று பவளங்கள் ஒட்டியிருந்தன.

ஐந்தாம் நாள் பாட்டில் பொறி. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, புனல் மாதிரி உள்பக்கம் திருப்பிச் செருக வேண்டும். உள்ளே இறால் துண்டு. நுழைவது எளிது, வெளியேறும் வழி மீனுக்குத் தெரியாது. முதலில் உள்ளே போனது யார் தெரியுமா? எங்கள் கிளவுன் மீன். இரண்டாவதாகவும் அதுவே. பொட்டு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் பலித்தது கதவுப் பொறி. ஒரு பக்கம் தூக்கும் கதவுள்ள அக்ரிலிக் பெட்டி. கதவில் தூண்டில் நரம்பைக் கட்டி, அதைத் தொட்டிக்கு வெளியே நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் ரகசியம் ஒன்றுதான்: உடனே பிடிக்க முயலக் கூடாது. ஐந்து நாள் கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டைப் பெட்டிக்குள் மட்டும் போட்டேன். முதல் நாள் பொட்டு எட்டிப் பார்த்தது. இரண்டாம் நாள் பாதி உடம்பை நுழைத்து ஒரு கவ்வுக் கவ்வி ஓடியது. நான்காம் நாள் உள்ளேயே நின்று சாப்பிட்டு, கிளவுன் மீனைப் பெட்டிப் பக்கம் வரவிடாமல் விரட்டியது. பெட்டியும் அதன் எல்லைக்குள் வந்துவிட்டது! ஆறாம் நாள் யாருக்கும் சாப்பாடு இல்லை. மறுநாள் காலை, அதாவது பதினோராம் நாள், பெட்டிக்குள் இறால் வைத்தோம். மகள் சோஃபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நரம்பைப் பிடித்திருந்தாள். பொட்டு நுழைந்து திரும்பியவுடன் விட்டாள். கதவு விழுந்தது.

இதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி தண்ணீரை இறைப்பது. சுத்தமான டிரம்களில் தொட்டித் தண்ணீரைச் சேமித்து, ஐந்தாறு அங்குலம் மட்டும் விட்டு, மீனைப் பிடித்தபின் அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம். அடுக்குமாடியில் 250 லிட்டர் உப்புத் தண்ணீரை ஹாலில் கையாள்வது சாதாரண விஷயம் இல்லை. குழாய் நழுவினால் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். இரண்டு பேர் இல்லாமல் செய்யாதீர்கள்.

பிடித்த மீனை எங்கே வைப்பது என்பதைப் பிடிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஏர்ஸ்டோனும் சின்ன ஃபில்டரும் உள்ள தனித்தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும். அந்தத் தொட்டி இன்னொன்றுக்கும் உதவும். புது மீன்களை நான்கு வாரம் அதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். நோய்க்குத் தாமிர மருந்து தேவைப்பட்டால் அங்கேதான் கொடுக்க முடியும். பெரிய தொட்டியில் அதைக் கொட்டினால் பவளமும் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

வாங்கும்போதே யோசித்தால்

இத்தனை பாடும் எதற்கு? வாங்கும் அன்று ஐந்து நிமிடம் யோசிக்காததற்கு. இப்போது கடையில் நான் கேட்கும் கேள்விகள் இவை: முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம்? இயற்கையில் எதைத் தின்னும்? என் முன்னால் சாப்பிட வையுங்கள் பார்க்கலாம். கடைக்கு வந்து எத்தனை நாள்? ஒத்துவரவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் முகத்தை வைத்தே கடையைப் புரிந்துகொள்ளலாம்.

பட்டர்ஃப்ளை மீன்களில் பல பவளத்தின் பாலிப்பைக் கொத்தித் தின்பவை. கிளாத்தி எனும் ட்ரிகர் மீன்களும் பேத்தை மீன்களும் நண்டு, நத்தை, இறாலை விட்டுவைக்காது. லயன்ஃபிஷ் வாயில் எது நுழையுமோ அது அதற்கு இரை, அதன் முள்ளும் விஷம். ‘டோரி’ என்று குழந்தைகள் கேட்கும் ப்ளூ டாங் ஓர் அடி வரை வளரும், அதற்கு 4 அடி போதாது. சிக்ஸ்லைன் ராஸ் அழகு, ஆனால் பின்னால் வருகிறவர்களை வாழவிடாது. மாண்டரின் மீன் பரம சாது. இருந்தாலும் நுண்ணிய கோபிபாடுகளை நாள் முழுக்கத் தின்ன வேண்டும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்தே சாகும். வம்பு செய்வது மட்டும் பிரச்சினை இல்லை, நம்மால் வாழவைக்க முடியாத மீனையும் வாங்கக் கூடாது.

வரிசையும் முக்கியம். சாதுவான மீன் முதலில், வீம்பு பிடித்தது கடைசியில். உருவத்திலும் நிறத்திலும் ஒரே மாதிரி இரண்டை ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். போட்டியாளர் என்று நினைத்துக்கொள்ளும். கிளவுன் மீன் ஜோடியாக இருப்பதே நல்லது. எல்லாம் ஆணாகவே தொடங்கும், ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாக மாறும். அதனால் இரண்டு குட்டிகளை வாங்கினாலே காலப்போக்கில் ஜோடி அமையும். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்த கிளவுன் மீன்களைக் கேட்டு வாங்குங்கள். கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமான சி.எம்.எஃப்.ஆர்.ஐ. இந்த இனப்பெருக்கத்தை நம் நாட்டில் செய்து காட்டியிருக்கிறது. கடலில் இருந்து ஒன்று குறையாது, நம் தொட்டிக்கும் எளிதில் பழகும்.

பொட்டுவைப் பிடித்த அன்று இரவு மகள் கேட்டாள்: “அப்பா, பொட்டு கெட்ட மீனா?” உடனே பதில் சொல்ல வரவில்லை. கடலில் டோமினோ தன் பாறையைக் காப்பது அதன் பிழைப்பு. அங்கே விரட்டப்பட்ட மீனுக்கு ஓடக் கடல் இருக்கிறது. நாங்கள் கொடுத்தது 4 அடி. “இல்லம்மா, அப்பா யோசிக்காம வாங்கிட்டேன்” என்றேன். அதுதான் உண்மை.



கேள்வி நேரம்

ஏ பிளாக்கில் இருந்து ஒருவர்: நீலாங்கரை பக்கம்தானே இருக்கு சார், கடலில் விட்டிருக்கலாமே?

அது மட்டும் கூடாது. கடையிலும் தொட்டியிலும் பல நாட்டு மீன்கள் கலந்து இருக்கின்றன. அங்கே ஒட்டிய நோயையும் ஒட்டுண்ணியையும் சேர்த்து கடலுக்கு அனுப்புவதாக ஆகிவிடும். அட்லாண்டிக்கில் இயற்கையாக லயன்ஃபிஷ் கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்டவையே பெருகி, கரீபியன் கடல் முழுக்க உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கின்றன என்று கருதப்படுகிறது. நன்னீரிலும் இதே கதைதான். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் ‘சக்கர்’ மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. நம் நுழைவாயில் அல்லிக் குளத்திலும் யாரும் விட வேண்டாம்.

பி பிளாக் அம்மா ஒருவர்: எங்க வீட்டில் நன்னீர்த் தொட்டிதான். டைகர் பார்ப் மற்ற மீனோட வாலைக் கடிக்குது. அதையும் பிடிச்சுக் கொடுத்துடணுமா?

எத்தனை இருக்கும்மா? இரண்டா? அதுதான் காரணமாக இருக்கும். அது கூட்டமாக வாழும் மீன். ஏழெட்டு இருந்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். இடம் இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், ஃபைட்டர் மீன்களோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

முன்வரிசையில் இருந்து ஒரு சிறுமி: அங்கிள், பொட்டு இப்ப எங்க இருக்கு?

வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் எங்கள் பால்கனித் தொட்டியில் தனியாக இருந்தது. பிறகு 8 அடித் தொட்டியில் பெரிய மீன்கள் மட்டும் வளர்க்கும் நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். போன மாதம் போய்ப் பார்த்தோம். அங்கே அதுதான் எல்லோரையும்விடச் சின்ன மீன். நெற்றியில் பொட்டு சுத்தமாக இல்லை, மகளால் முதலில் அடையாளமே கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் மிஞ்சிய ஃபயர்ஃபிஷ் இப்போது நடுத்தொட்டியில் நின்று சாப்பிடுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கண்ணாடியை மட்டும் தட்டாதீர்கள்.

(கதவுப் பொறியும் பழக்கும் பெட்டியும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. தேவைப்படும் குடியிருப்பாளர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தரவும். — ஆசிரியர் குழு)